ஒரு செல், ஒரு பல்பு, ஒரே ஒரு ஒயர்

நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு டார்ச் செல், ஒரு சின்ன டார்ச் பல்பு, ஒரு சாண் நீள ஒயர், இந்த மூன்றை மட்டும் கொடுத்து, "பல்பை எரிய வையுங்க, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நின்றுகொள்ள வேண்டும். கரும்பலகையில் படம் வரையக் கூடாது. குறிப்பு கொடுக்கக் கூடாது. அதன்பின் வகுப்பில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்; மின்சாரத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

முதல் சில நிமிடங்கள் ஒரு பல்பும் எரியாது. பெரும்பாலான பிள்ளைகள் ஒயரின் ஒரு முனையைச் செல்லின் தலையில் வைப்பார்கள், மறுமுனையைப் பல்பின் அடியில் வைப்பார்கள், ஆவலோடு காத்திருப்பார்கள். சிலர் செல்லின் தலைமேலேயே பல்பை நிறுத்திப் பார்ப்பார்கள். இன்னும் சிலர் ஒயரைச் செல்லின் இரண்டு முனைகளிலும் பிடித்துக்கொண்டு, ஒயரின் நடுவில் பல்பை உட்காரவைப்பார்கள். பல்பு எரியாது, ஒயர்தான் சுடும். "சார், செல் வீக்கா இருக்கு சார்", "மிஸ், இது ஃபியூஸ் போன பல்பு மிஸ்" என்று புகார்கள் வரும். ஆசிரியருக்குக் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பை அடக்கிக்கொள்வதுதான் இந்தப் பாடத்திலேயே கடினமான பகுதி.

பிறகு ஏதோ ஒரு பெஞ்சில் ஒரு பல்பு சட்டென்று மினுங்கி அணையும். அந்தப் பிள்ளை போடும் கூச்சலில் வகுப்பே அங்கே திரளும். ஆனால், திரும்ப எரிய வைக்கச் சொன்னால் அவளுக்கே வராது. விரல் நகர்ந்துவிட்டிருக்கும். எங்கே தொட்டோம், எதை எதோடு வைத்தோம் என்று அவள் குனிந்து பார்க்கத் தொடங்கும் அந்தக் கணம் முக்கியமானது. பல்பின் அடியில் ஈயப் புள்ளி ஒன்று இருக்கிறது, பக்கவாட்டில் மறை போட்ட உலோகம் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு இடங்கள் என்று முதல்முறையாக அவள் கண்ணுக்குப் படும். செல்லின் தலை பல்பின் புள்ளியைத் தொட வேண்டும். செல்லின் அடியிலிருந்து வரும் ஒயர் பல்பின் பக்கவாட்டைத் தொட வேண்டும். போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி. மின்சுற்று என்பது அவ்வளவுதான். அதை அவளே கையால் கண்டுபிடித்துவிட்டாள்.

இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமேயான புதிர் இல்லை. 1997-இல் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையம் தயாரித்த 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்ற ஆவணப்படத்தில், அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்று அங்கியோடு வெளியே வரும் இளைஞர்களிடம் இதே செல்லையும் பல்பையும் ஒயரையும் நீட்டுகிறார்கள். பலர் திணறுகிறார்கள். மின்னோட்டத்தின் சமன்பாடுகளை எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் அவர்கள். சமன்பாடு தெரிந்திருந்தது, பல்பின் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று தெரியவில்லை. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றின் வாசலில் நின்று இதையே கேட்டால் காட்சி மாறிவிடும் என்று நான் நம்பவில்லை.

சுவரில் மறைந்திருக்கும் இரண்டாவது ஒயர்

ஒரே ஒயர் போதும் என்று பிள்ளைகள் நினைப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. வீட்டில் அவர்கள் பார்க்கும் எல்லாமே ஒற்றைக் கயிறுதான். மிக்ஸியிலிருந்து ஒரு ஒயர் போகிறது, ஃபேனிலிருந்து ஒரு ஒயர் போகிறது, செல்போன் சார்ஜரில் ஒரு ஒயர். அந்த ஒற்றை உறைக்குள் இரண்டு மூன்று கம்பிகள் தனித்தனியாகப் படுத்திருப்பதை யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அது திரும்பிப் போவதில்லை. மின்சாரமும் அப்படித்தான் வந்து, பல்பில் எரிந்து, தீர்ந்துபோகிறது என்று அவர்கள் முடிவு செய்துகொள்கிறார்கள். கண்ணால் பார்த்ததை வைத்து யோசித்த முடிவு அது. அதனால்தான் சொல்லி மாற்ற முடிவதில்லை.

பழுதாகித் தூக்கிப்போட்ட ஒரு மிக்ஸியின் ஒயரை வெட்டி, உறையைச் சீவி, உள்ளே இருக்கும் சிவப்பு, கறுப்பு, பச்சைக் கம்பிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிரியரின் அரை மணி நேர விளக்கத்தைவிட அந்தத் துண்டு ஒயர் அதிகம் பேசும்.

1980-களில் நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆஸ்பர்ன் என்ற ஆய்வாளர் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசி, மின்சாரத்தைப் பற்றி அவர்கள் மனதில் இருக்கும் சித்திரங்களைப் பிரித்து எழுதினார். ஒரு ஒயரே போதும் என்பது ஒரு சித்திரம். செல்லின் இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு வகை மின்சாரம் கிளம்பிப் பல்புக்குள் மோதிக்கொள்வதால் வெளிச்சம் வருகிறது என்பது இன்னொன்று. மின்சாரம் ஒரு பக்கமாகச் சுற்றி வருகிறது, ஆனால் பல்பு அதில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது என்பது மூன்றாவது. போன அளவே திரும்பி வருகிறது என்பது நாலாவது. அறிவியல் ஒப்புக்கொள்ளும் சித்திரம் அதுதான். ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இந்த நாலையும் அறிந்திருக்க வேண்டும். தன் வகுப்பில் எந்தப் பிள்ளை எந்தச் சித்திரத்தில் நிற்கிறது என்று தெரியாமல் சொல்லும் விளக்கம் காற்றில்தான் போகும்.

மூன்றாவது சித்திரம்தான் எளிதில் அசையாதது. பெரியவர்களே அதில்தான் இருக்கிறோம். மாதாமாதம் மின்கட்டணம் கட்டுகிறவர்களுக்கு மின்சாரம் செலவாகிறது என்ற எண்ணம் வேரூன்றித்தானே இருக்கும். செலவாவது ஆற்றல், ஓடும் மின்னோட்டம் குறைவதில்லை என்பதைப் பத்து வயதில் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. பல்பைக் கொண்டு கேட்கலாம். ஒரே வகையான இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சுற்றில் இணைக்கப் போகிறோம் என்று சொல்லி, சுவிட்ச் போடுவதற்கு முன்னால் எது பிரகாசமாக எரியும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். முதல் பல்பு தின்றதுபோக மிச்சம்தானே இரண்டாவதுக்கு வரும், அது மங்கலாகத்தான் எரியும் என்று முக்கால்வாசிப் பேர் எழுதினாலும் வியப்பில்லை. சுவிட்ச் போட்டால் இரண்டும் ஒரே மாதிரி எரியும். சில நேரம் பல்புகளுக்குள் இருக்கும் சிறு வேறுபாட்டால் ஒன்று சற்றுக் கூடுதலாக எரிந்து, "நான் சொன்னேன்ல?" என்று ஒரு குரல் எழும். அப்போது இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொல்ல வேண்டும். பிரகாசமும் பல்போடு சேர்ந்தே இடம் மாறும். தன் கருத்தைச் சோதிக்கும் முறையையே அந்தப் பிள்ளை அங்கே கற்றுக்கொள்கிறது.

இந்த வயதுக்குத் தண்ணீர்க் குழாயைவிட சைக்கிள் செயின் நல்ல உவமை. பெடலை மிதித்த உடனே பின்சக்கரம் சுற்றுகிறது. ஆனால், செயினின் ஒரு கண்ணி பெடலிலிருந்து சக்கரத்துக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். மிதிப்பவரின் உழைப்பு செலவாகிறது, செயின் செலவாவதில்லை. எங்காவது ஓர் இடத்தில் அறுந்தாலும் மொத்தமும் நின்றுவிடும். செயினின் கண்ணிகளைப்போல ஒயருக்குள் எலக்ட்ரான்களும் ஊர்ந்துதான் போகின்றன. சாதாரண ஒயர்களில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் போவதில்லை. சுவிட்ச் போட்டதும் விளக்கு எரிவது, ஒயர் நெடுக ஏற்கெனவே நிறைந்திருக்கும் எலக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவதால்தான். இந்த விளக்கம்கூடப் பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு போதும். ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் எலக்ட்ரான் என்ற பெயரைக் கொடுத்துவிட்டால், "எலக்ட்ரானால எரியுது" என்று சொல்லிவிட்டு யோசிப்பதை நிறுத்திவிடும்.

டார்ச் பல்பு கிடைப்பதே இப்போது அரிதாகிவிட்டது. கடைகளில் எல்லாமே எல்இடி டார்ச். ஆனாலும், தேடிப் பிடித்து இழை பல்பைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதன் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தால் இரண்டு கால்களும் நடுவே மெல்லிய இழையும் தெரியும். மின்சாரம் போகும் பாதை முழுவதையும் பிள்ளை விரலால் தொடர்ந்து காட்ட முடியும். எல்இடி அப்படியில்லை. தலைகீழாக மாட்டினால் எரியாது; ஒன்றரை வோல்ட் செல் ஒன்று மட்டும் இருந்தால் சிவப்பு எல்இடிகூட எரியாது. எரியாததற்கு இத்தனை காரணங்கள் இருந்தால், சுற்று சரியா தப்பா என்று முதல் நாள் கற்பவரால் பிரித்தறிய முடியாது. எல்இடி இரண்டாவது வாரத்துக்கு வரட்டும்.

ஹோஷங்காபாத்தில் நடந்தது

செல்லும் பல்பும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் இந்த முறை புதிதல்ல. 1960-களில் அமெரிக்காவில் 'எலிமென்டரி சயின்ஸ் ஸ்டடி' என்ற திட்டத்தில் விஞ்ஞானிகளும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து 'பேட்டரிகளும் பல்புகளும்' என்றே ஒரு பாடத்தை உருவாக்கினார்கள். அது நல்ல பள்ளிகளும் நிறையப் பணமும் இருந்த நாடு. இந்தியாவில் அதைவிடத் துணிச்சலான ஒன்று நடந்தது.

1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், இன்றைய பெயர் நர்மதாபுரம், 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் அதற்குப் பின்னால் நின்றன. ஆய்வகமே இல்லாத கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளே சோதனை செய்து பார்த்து அறிவியல் கற்க முடியுமா என்பதுதான் கேள்வி. 'பால் வைக்யானிக்' என்ற அவர்களுடைய பாடநூலில் விடைகள் இருக்காது. செய்ய வேண்டியவையும் கேள்விகளும்தான் இருக்கும். சோதனையைச் செய்யாமல் அந்தப் புத்தகத்தை மனப்பாடம் செய்ய வழியே இல்லை. தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. சந்தேகம் இருந்தால் 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் போடலாம், பதில் வரும். 1978-இல் மாவட்டம் முழுவதும் பரவிய இந்தத் திட்டத்தைப் பின்னாளில் ஏகலவ்யா அமைப்பு எடுத்து நடத்தியது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளியில் நடந்து காட்டிய ஒன்றை நிறுத்தியது பெரிய இழப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தத் திட்டத்தின் தொடக்க காலத்தில், ஐஐடி கான்பூரில் படித்து டெல்கோ வாகன நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அரவிந்த் குப்தா என்ற இளம் பொறியாளர் ஹோஷங்காபாத் வந்தார். வாரச் சந்தையில் சைக்கிள் வால்வு ட்யூபையும் தீக்குச்சியையும் பார்த்தவர், அவற்றைக் கொண்டே வடிவியல் கற்றுத்தரும் பொம்மைகளைச் செய்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து, செய்முறையை எல்லாருக்கும் இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பிரபலமாக்கிய பொம்மைகளில் ஒன்றான குட்டி மோட்டாரிடம் பிறகு வருவோம். அதற்கு முன் காந்தம்.

தெருமண்ணில் இருக்கும் காந்தம்

மின்சாரத்துக்கு எட்டு வயது ஆகட்டும் என்றால், காந்தத்துக்கு ஐந்து வயதே போதும். பழைய இரும்புக் கடையில் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய கறுப்பு வளையக் காந்தம் கிடைக்கும். அதை நூலில் கட்டித் தெருமண்ணில் இழுத்துக்கொண்டு போனால் கறுந்தாடி முளைத்ததுபோல் தூள் ஒட்டிக்கொண்டு வரும். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் பலர் இதைச் செய்திருப்போம். காந்தத்தை ஒரு பாலித்தீன் உறையில் போட்டுக்கொண்டால், உறையை உருவியதும் தூள் தனியாக விழுந்துவிடும். நேரடியாக ஒட்டிய தூளைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

இரும்புத் தூள் என்று நாம் சொல்லும் அதில் பெரும்பகுதி மேக்னடைட் என்ற கனிமத்தின் பொடி. சேலத்தை ஒட்டிய கஞ்சமலை இந்தத் தாதுவுக்குப் பேர்போனது. இயற்கைக் காந்தக் கல்லும் இதே கனிமம்தான். 1600-இல் இங்கிலாந்தின் அரசவை மருத்துவர் வில்லியம் கில்பர்ட் காந்தம் பற்றி ஒரு பெரும் நூலை எழுதினார். காந்தக் கல்லை உருண்டையாகக் கடைந்து, அதன்மேல் சிறு ஊசியை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, பூமியே ஒரு பெரிய காந்தம் என்று சொன்னார். கில்பர்ட் கடைந்த உருண்டையும் நம் தெருவில் பிள்ளை இழுத்துச் சேர்த்த தூளும் ஒரே பொருள் என்பதை அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.

வகுப்பில் காந்தப் பாடம் எங்கே சப்பென்று போகிறது என்றால், ஆணி ஒட்டும், மரம் ஒட்டாது என்று முடித்துவிடும்போது. அது ஐந்து வயதுப் பிள்ளைக்கே தெரியும். சமையலறைக்குப் போக வேண்டும். தாமிரச் செம்பு, பித்தளை விளக்கு, அலுமினியச் சட்டி, எவர்சில்வர் தம்ளர், ஒரு ரூபாய் நாணயம், இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கும் பாத்திரம் என்று எடுத்து வைத்து, காந்தத்தைத் தொடவிடாமல் முதலில் 'ஒட்டும்', 'ஒட்டாது' என்று இரண்டு பக்கமாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். உலோகம் என்றால் ஒட்டும் என்ற எண்ணம் தாமிரச் செம்பிலேயே உடைந்துபோகும். எவர்சில்வரில்தான் உண்மையான சச்சரவு வரும். சில தம்ளர்கள் ஒட்டாது. சில ஒட்டும். இன்னும் சில, நடுவில் ஒட்டாமல், மடித்து அடித்த விளிம்பில் மட்டும் இலேசாக இழுக்கும். நிக்கல் கூடுதலாகக் கலந்த எவர்சில்வரைக் காந்தம் இழுப்பதில்லை. அதே உலோகத்தை வளைத்து நெருக்கிய இடத்தில் உள்ளமைப்பு மாறிவிடுவதால் கொஞ்சம் இழுக்கிறது. நாணயமும் இண்டக்‌ஷன் பாத்திரத்தின் அடியும் ஒட்டுவது அவை வேறு வகை எஃகு என்பதால். இந்தக் காரணம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முழுதாகப் புரிய வேண்டியதில்லை. ஒரே பெயருள்ள பொருள் மூன்று விதமாக நடந்துகொள்வதைக் கவனித்துவிட்டதே பெரிது.

ஈர்ப்பைவிட விலக்கல்தான் பிள்ளைகளை அசத்துவது. இரண்டு காந்தங்களை ஒத்த துருவங்கள் பார்த்திருக்கப் பிடித்து நெருக்கும்போது, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு போவதுபோல் விரலுக்குத் தெரியும். எதைக் கண்டும் காந்தம் விலகினால் அதுவும் காந்தம்தான். ஈர்த்தால் அது வெறும் இரும்பாகவும் இருக்கலாம். இந்த ஒரு வரியை வைத்து எத்தனையோ புதிர்ப் போட்டிகள் நடத்தலாம்.

தையல் ஊசியைக் காந்தத்தால் ஒரே திசையில் முப்பது நாற்பது தடவை தேய்த்து, இலைத் துண்டின்மேல் வைத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்கவிட்டால் வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நம் ஊருக்கென்றே ஒன்று இருக்கிறது, அது புத்தகங்களில் கண்ணில் படுவதில்லை. ஊசியை நடுவில் நூலால் கட்டிச் சமநிலையில் தொங்கவிட்டுவிட்டு, பிறகு காந்தமாக்கினால், திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் அது ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். காஷ்மீரில் அதே ஊசியின் வடமுனை நன்றாகக் கீழ்நோக்கிச் சாயும். லண்டனில் இன்னும் செங்குத்தாகச் சாயும். 1581-இல் ராபர்ட் நார்மன் என்ற கருவி செய்பவர் இந்தச் சாய்வைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். நம் தெற்கில் ஊசி சாயாததற்குக் காரணம், பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததும், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதும் இந்தக் கோட்டுக்காகத்தான். நெல்லைச் சீமைப் பிள்ளைகள் ஒரு நூலையும் ஊசியையும் வைத்துக்கொண்டு உணரக்கூடிய ஒன்றை லண்டன் பிள்ளைகளால் உணர முடியாது. இதைத் தென்மாவட்டப் பாடநூலில் பெருமையாக எழுத வேண்டாமா?

ஊர் மாறினால் சோதனையும் மாறும் என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணம், தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்கும் சோதனை. குளிர்ந்த, வறண்ட நாடுகளில் கச்சிதமாக நடக்கும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ தலைக்கு எண்ணெய் வைத்த பிள்ளை ஈரக்காற்றில் எத்தனை தடவை சீவினாலும் காகிதம் அசையாது. ஈரப்படலத்தின் வழியே மின்னூட்டம் கசிந்து போய்விடுகிறது. பிள்ளைகள் தங்களுக்குத்தான் அறிவியல் வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக் ஸ்ட்ராவை உலர்ந்த காகிதத்தால் அழுத்தித் தேய்த்துச் சுவரில் ஒட்டிப் பார்ப்பது இதைவிட நம்பகமானது. காற்று வறண்ட நாளாகப் பார்த்துச் செய்ய வேண்டும். நடக்காத நாளில் ஏன் நடக்கவில்லை என்பதையே பாடமாக்க வேண்டும்.

இரண்டும் சேரும் இடம்

1820 வரை மின்சாரம் ஒரு பக்கம், காந்தம் ஒரு பக்கம் என்றுதான் உலகம் வைத்திருந்தது. அந்த ஆண்டில் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகில் திசைகாட்டியின் ஊசி திரும்புவதைக் கண்டார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1831-இல், மைக்கேல் ஃபாரடே எதிர்த்திசையில் வந்தார்: காந்தம் மாறினால் மின்சாரம் பிறக்கிறது. கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை கற்றவர், கணிதம் அதிகம் படிக்காதவர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 19 ஆண்டுகள் அவரே நடத்தினார். உலகின் முதல்தர ஆய்வாளர் ஒருவர் பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டுவதைத் தன் தகுதிக்குக் குறைவாக நினைக்கவில்லை.

ஓர்ஸ்டெட்டின் சோதனைக்கு வேண்டியது ஒரு சின்ன திசைகாட்டி, ஒரு செல், ஒரு ஒயர். ஒயரை ஊசியின்மேல், ஊசியின் திசையிலேயே பிடித்துக்கொண்டு செல்லோடு இரண்டே நொடி தொட வேண்டும். அதற்குமேல் வைத்தால் ஒயர் சுடும், செல்லும் வீணாகும். ஊசி ஒயரை நோக்கி ஓடாது, ஒயருக்குக் குறுக்காகத் திரும்பும். செல்லைத் தலைகீழாக்கினால் மறுபக்கம் திரும்பும். ஒயரைத் தொடாத பொருள் ஒன்று ஒயருக்குள் நடப்பதை அறிந்து அசைகிறது. இதைப் பார்த்தபின் ஆணியில் ஒயர் சுற்றி மின்காந்தம் செய்யச் சொன்னால், இருபது சுற்றுக்கு எத்தனை குண்டூசி, நாற்பது சுற்றுக்கு எத்தனை என்று பிள்ளைகளே எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

இனி அந்தக் குட்டி மோட்டார். ஒரு பெரிய டார்ச் செல். அதன் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு ஊக்கு. சைக்கிள் ட்யூபை வெட்டிய ரப்பர் வளையம் அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். செல்லின் முதுகில் ஒரு காந்தம். எனாமல் பூசிய செம்புக் கம்பியை அதே செல்லின்மேல் பத்துப் பதினைந்து சுற்று சுற்றி உருவினால் ஒரு வளையம். அதன் இரண்டு முனைகளையும் எதிரெதிரே நீட்டி ஊக்கின் காதுகளில் நுழைக்க வேண்டும். அவ்வளவுதான் பொருள்கள்.

சூட்சுமம் எனாமலைச் சுரண்டுவதில் இருக்கிறது. ஒரு முனையில் சுற்றிலும் முழுதாகச் சுரண்ட வேண்டும். மறுமுனையில் ஒரு பாதியை மட்டும் சுரண்டி, மறுபாதியில் எனாமலை விட்டுவைக்க வேண்டும். ஆர்வக் கோளாறில் இரண்டு முனைகளையும் முழுதாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடும் பிள்ளைகளின் வளையம் ஆடும், துடிக்கும், சுற்றாது. அரைச் சுற்று வரை காந்தத்தின் தள்ளுதல் உதவும். அடுத்த அரைச் சுற்றில் அதே தள்ளுதல் எதிராக வந்து பின்னுக்கு இழுக்கும். பாதி எனாமலை விட்டுவைத்த வளையத்தில் அந்த எதிர்ப்பாதியில் மின்சாரம் நின்றுபோகும், வந்த வேகத்திலேயே வளையம் தாண்டிவிடும், மறுபடி தள்ளுதல் கிடைக்கும். விரலால் லேசாகத் தட்டிவிட்டால் சுற்றத் தொடங்கி, கண்ணுக்குப் புகைபோலத் தெரியும் அளவு வேகம் எடுக்கும். சுற்றாத மோட்டாரை வைத்துக்கொண்டு ஏன் சுற்றவில்லை என்று மல்லுக்கட்டிய பிள்ளைக்குத்தான் இந்தக் காரணம் எலும்புவரை இறங்கும்.

உடைந்த பொம்மைக் காரின் மோட்டாரைக் கழற்றி, அதன் ஒயர்களில் ஒரு சிவப்பு எல்இடியை மாட்டி, அச்சை வேகமாகச் சுழற்றினால் எல்இடி மினுங்கும். எரியாவிட்டால் எதிர்ப்பக்கம் சுழற்ற வேண்டும். ஃபாரடேயின் 1831 அங்கே இருக்கிறது. முன்பு டைனமோ வைத்த சைக்கிள் ஓட்டியவர்களுக்கு, டைனமோவை டயரில் சாய்த்ததும் பெடல் கனத்துப்போவது காலுக்குத் தெரியும். வெளிச்சம் சும்மா வருவதில்லை என்று அந்தக் கால் கற்றது. பழைய டைனமோ எங்காவது கிடைத்தால் பள்ளிக்கு வாங்கிப் போட்டுவிடுங்கள்.

தொடாதே என்பதற்கு முன்னால்

நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் முதல் மின்சாரப் பாடம் "தொடாதே, ஷாக் அடிக்கும்". அது தவறில்லை. சுவரில் இருப்பது 230 வோல்ட், அது உயிரைக் குடிக்கும். ஒன்றரை வோல்ட் செல் வேறு. இரண்டும் ஒரே மின்சாரம்தான், அளவு வேறு என்பதைச் சொல்லி, செல்லோடு செய்யும் எதையும் சுவரோடு செய்யக் கூடாது என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். பிளக்கில் மாட்டும் சீரியல் விளக்குச் சரத்திலிருந்து பல்பு எடுத்துச் சோதிப்பது கூடாது. செல்போன் பேட்டரி, பவர் பேங்க் பேட்டரி இவற்றின் முனைகளை ஒயரால் இணைத்தால் தீப்பிடிக்கும். அவை வகுப்பறைக்கே வரக் கூடாது.

ஷாக்கைவிட அதிகம் கவலைப்பட வேண்டிய இரண்டு பொருள்கள் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கின்றன. ஒன்று, ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் செல். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். இன்னொன்று, மணி அளவே இருக்கும் பளபளப்பான நியோடிமியம் காந்தம். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று கவ்விக்கொண்டு துளை போட்டுவிடும். எது விழுங்கப்பட்டிருந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சின்னவர்களுக்கு ஸ்பீக்கர் காந்தமே போதும். அது வாய்க்குள் போகாது.

நம் வகுப்பறைகளில்

தமிழ்நாட்டில் இப்படிச் செய்து பார்த்துக் கற்பதற்கான அடித்தளம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இலிருந்து 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழை நடத்துகிறது. ஆறாம் வகுப்புப் பாடநூலில் மின்னியலும் காந்தவியலும் செயல்பாடுகளோடுதான் அச்சாகியிருக்கின்றன. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய 'வானவில் மன்றம்' திட்டத்தில், சோதனைப் பொருள்களோடு கருத்தாளர்கள் அரசுப் பள்ளிகளுக்கே வந்து 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளோடு செய்து பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால், வருகிறவர் பெட்டியோடு திரும்பிப் போய்விடுவார். பிள்ளை எரியாத பல்போடு மல்லுக்கட்டும் நேரம் வாரம்தோறும் வேண்டும், பொருள்கள் பள்ளியிலேயே இருக்க வேண்டும். மேசைமேல் ஆசிரியர் ஒருவர் செய்து காட்ட, நாற்பது பேர் எட்டிப் பார்ப்பதை நான் செயல்வழிக் கற்றல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு பேருக்கு ஒரு செல் இருந்தால்தான் அது கற்றல். தேர்வும் மாற வேண்டும். மின்சுற்று வரையறு என்று இரண்டு மதிப்பெண் கேள்வி இருக்கும்வரை, வரையறையை மனப்பாடம் செய்யும் பிள்ளைதான் கெட்டிக்காரர்.

செலவு ஒரு தடையே இல்லை. எனாமல் கம்பிக்கு எங்கும் அலைய வேண்டாம். சின்ன ஊர்களில்கூட மோட்டார் வைண்டிங் கடை ஒன்றாவது இருக்கும். கருகிய பம்ப்செட் மோட்டாரிலிருந்து உருவிய பழைய சுருள்களும், வேலையில் மிஞ்சிய புதுக்கம்பித் துண்டுகளும் அங்கே மூலையில் கிடக்கும். பழையதில் எனாமல் வெந்திருக்கும், மோட்டார் செய்ய ஆகாது. மிஞ்சிய புதுக்கம்பியைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கும்போது அந்த வைண்டிங்காரரையும் ஒரு மதியம் பள்ளிக்கு அழைக்கலாம். எந்த மோட்டாருக்கு எந்த கேஜ் கம்பி, ஒரு சுருளுக்கு எத்தனை சுற்று, சுற்று குறைந்தால் ஏன் சூடாகும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கத்தில் இருக்கிறது. அவரிடம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவைத்துக்கொண்டால், அடுத்த வாரப் பாடத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.